விசர் இல்லை, விசரி

மச்சாள்,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வந்த சனம் போய், வாடகைக்கு எடுத்த கதிரைகளும் போய், இன்று காலையில்தான் உங்கள் அறையைத் துப்புரவாக்க இறங்கினேன். போர்வை, தலையணை உறை, நீங்கள் கடைசியாகப் போட்டிருந்த சோட்டிச் சட்டைகள் எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஊறப்போட்டு, சங்கக்கடையில் வாங்கிய சிவப்புக் காபோலிக் சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்தேன். மணம் குப்பென்று எழும்பியது. கோவிக்காதீர்கள், அந்த மணத்தோடு முதலில் என் கண்முன் வந்து நின்றது நீங்கள் இல்லை. உங்கள் நாய்தான். நனைந்து, மயிரெல்லாம் உடம்போடு ஒட்டி, முழுச் சவர்க்காரத்தையும் வாயில் கவ்விக்கொண்டு, ஏலுமென்றால் பிடி பார்ப்போம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தது. நான் கிணற்றுக்கட்டில் இருந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

என் மூத்த மகனின் பெண்சாதி குசினியில் இருந்து ஓடி வந்தாள். மலைநாட்டுப் பிள்ளை, எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு இன்னும் பாதிதான் பிடிபடும். நேற்று அந்தியேட்டி முடித்த மாமி தனியே இருந்து சிரித்தால் பயம் வராதா?

"என்னாச்சு மாமி?"

"ஒண்டுமில்லை பிள்ளை. விசரியை நினைச்சனான்."

"விசர்னா பைத்தியம்தானே மாமி? யாருக்குப் பைத்தியம்?"

அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது? தொடங்கினேன். பாதியில் அடுப்பில் சோறு பொங்கி வழிய, அவள் ஓடிவிட்டாள். மிச்சத்தை உங்களுக்கே சொல்கிறேன் மச்சாள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதன் கடைசித் துண்டு உங்களுக்குத் தெரியாது. அதோடு உங்களுடன் எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் ஆர்? இருங்கோ" என்றீர்களே. அவ்வளவு மரியாதையாக! அந்த மரியாதையைக் கேட்டபிறகு எனக்கு ஒருவாய் சோறு இறங்கவில்லை.

நான் சாம்பல்தீவில் இருந்து இந்த வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்த முதல் கிழமை நினைவிருக்கிறதா? பதற்றத்தில் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். நீங்கள் துறைமுகத்து ரெலிபோன் கந்தோரில் வேலை முடிந்து பசியோடு வந்து, ஒருவாய் வைத்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"எடி விசரி, கடலை அள்ளிக்கொண்டு வந்தே கவிட்டனீ?"

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். புது மருமகளைப் பார்த்துப் பைத்தியம் என்று சொல்கிற மச்சாளோடு எப்படிக் காலம் தள்ளுவது? உங்கள் தம்பி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா விசரி எண்டு கூப்பிட்டால் உன்னைப் பிடிச்சுப்போச்செண்டு அர்த்தமப்பா. என்னை விசரன் எண்டுதான் வளர்த்தவ. அவ 'நீங்கள், நாங்கள்' எண்டு கதைக்கத் தொடங்கினால்தான் நீ பயப்பட வேணும்."

அது எவ்வளவு உண்மை என்று பிறகு கண்டேன். பின்வளவுக்காரர் வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டபோது நீங்கள் வாசல் படலைக்குப் போய், "ஐயா, நீங்கள் படிச்ச பெரிய மனுஷர்" என்று தொடங்கினீர்கள். அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது. பின்னேரத்துக்குள் வேலி பழைய இடத்துக்குப் போய்விட்டது. பால்காரர், மீன்காரி, கோவில் பூசகர் மகன், இறங்குதுறையில் கயிறும் மண்ணெண்ணெயும் அரிசியும் விற்கிற, ஊரே காக்கா என்று கூப்பிடுகிற குறிஞ்சாக்கேணி முஸ்லிம் பெரியவர், எல்லாரும் உங்களுக்கு விசர்தான். அந்தச் சொல்லுக்காகவே சிலர் எங்கள் படலையடியில் ஒரு நிமிடம் நின்று போவார்கள்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன வருஷம் உங்கள் வேலையும் அவர்களோடு போனது. கடைசி நாள் நீங்கள் கையில் ஒரு பிரம்புக் கூடையோடு வந்தீர்கள். பிரியாவிடைக்குப் பழம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் ஆசையோடு மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்து ஒரு மூஞ்சி வெளியே வந்தது. தாடி வைத்த மூஞ்சி! நான் வீரிட்டுக் கத்திய சத்தம் அன்புவழிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கத்தாதை. டெரியர் சாதி. துரையின்ர பெண்சாதி தந்தவ. கப்பலிலை கொண்டுபோக ஏலாதாம்."

எனக்கு நாயென்றால் அருவருப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அதுவும் இது என்ன நாய்? பூனையை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் மண்ணிறம், கூட்டுகிற தும்புத்தடி மாதிரி மயிர். "இதைக் கள்ளன் கண்டால் சிரிப்பானே" என்றேன். நீங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற மனுஷி வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் மறக்கவில்லை. காலையில் எழும்பிக் குளித்து, தலை இழுத்து, கஞ்சி போட்ட சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்விறாந்தைக் கதிரையில் இருப்பீர்கள். போவதற்கு இடம் இல்லை. வேலை நேரம் முடிகிறபோது எழும்பிப் போய்ச் சேலையை மாற்றுவீர்கள். ஒருவரையும் விசர் என்று சொல்லவில்லை. "சாப்பாடு வைச்சிருக்கிறன் மச்சாள்" என்றால், "பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றீர்கள். நீங்கள்! உங்கள் தம்பி தான் வேலை செய்த அரசாங்கக் கச்சேரியால் வந்து அதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அந்த நாய்க்கும் உங்கள் வருத்தம்தான். அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் துள்ளி எழும்பும், நேரே படலைக்கு ஓடும், றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பேர் சொன்னது பழைய துரை வீட்டார் என்று அது நினைத்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இன்னும் மோசம். படலைக் கம்பிக்குள் மூஞ்சியை விட்டுக்கொண்டு ஊளையிடும். நீங்கள் ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இனி ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது" என்றீர்கள். அதோடு அது பேர் இல்லாத நாயாகிவிட்டது. பேரில்லாமல் ஒரு நாயை எப்படி வளர்ப்பது? "இஞ்சை", "உது", "அந்தச் சாமான்" என்று சில நாள் ஓடியது.

பிறகு ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்த பின்னேரம். என்ன குஷியோ தெரியாது, அது திடீரென்று காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடத் தொடங்கியது. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. என் கத்தரிக் கன்றுகளுக்கு மேலால் பாய்ந்து, கொடியில் காய்ந்த உங்கள் தம்பியின் வேட்டியைக் கவ்விக்கொண்டு இன்னும் ஒரு சுற்று. நீங்கள் கதிரையில் இருந்து அப்படியே முன்னுக்குச் சரிந்து பார்த்தீர்கள்.

"எடி விசரி!"

அது சடாரென்று நின்றது. தலையைச் சரித்தது. வேட்டியை இழுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வந்து, சேறு பூசிய இரண்டு முன்னங்கால்களையும் கஞ்சிச் சேலையில் வைத்தது. நீங்கள் சிரித்தீர்கள் மச்சாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. நான் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்று கண்ணைத் துடைத்தேன். வேட்டி கிழிந்ததும் கத்தரி முறிந்ததும் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. நாயை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு விசரிகள். நீங்கள் கூப்பிட்டால் இருவரும் திரும்பிப் பார்ப்போம். "உன்னையில்லை, மற்ற விசரியை" என்பீர்கள். யார் அந்த மற்ற விசரி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்தச் சின்ன உடம்பை வளர்க்க எவ்வளவு பாடு! குளிர்நாட்டு மயிரோடு எங்கள் வெயிலில் அது மத்தியானத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். கிணற்றடி ஈர மண்ணில் குழி தோண்டி வயிற்றை வைத்துப் படுக்கும். சித்திரை வெயிலுக்கு முன் நீங்கள் தையல் கத்தரிக்கோலால் மயிரை வெட்டிவிட்டீர்கள். வெட்டி முடித்தபோது உரித்த கோழி மாதிரி நின்றது. இரண்டு நாள் வெட்கத்தில் கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வரவில்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பீர்கள். உங்கள் தம்பிக்குக்கூட அப்படி ஒருநாளும் முள்ளெடுத்துக் கொடுத்ததில்லை. உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டைக்குள் போடுகிற வேலை எனக்கு. அருவருத்துக்கொண்டே செய்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது வந்த பிறகு எங்கள் வளவில் ஓர் அகழான் எலிகூட மிஞ்சவில்லை. தன்னளவு பெரிய அகழானைக் கழுத்தில் பிடித்து ஒரே உதறல். கொண்டுவந்து என் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சன்மானத்துக்கு நிற்கும்.

அதை நடத்திக்கொண்டு போகவென்றுதான் நீங்கள் திரும்பவும் வெளியே இறங்கினீர்கள். காலையிலும் பின்னேரமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறை வரை நடை. புல்வெளியில் ஊருக்குள் மேய்கிற மான் கூட்டம் நின்றால் அதற்கு இருப்புக் கொள்ளாது. குரைக்கும். மான்கள் திரும்பியும் பார்க்காது. நீங்கள் மானுக்கும் நாய்க்கும் சேர்த்துப் பேச்சு விடுவீர்கள். ஊர்ச்சனம் உங்களை "ரெலிபோன் அக்கா" என்று முன்புபோல நின்று கதைத்தது. கைப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். நாய் போனால் நீங்கள் மறுபடி அந்தக் கதிரைக்குப் போய்விடுவீர்கள் என்ற பயம் மட்டும் எனக்குள் இருந்தது. அதனால்தான் அந்தச் சவர்க்கார நாள் என் உயிரே போய் வந்தது.

ஊரில் விசர்நாய்ப் பயம் பிடித்திருந்த நேரம் அது. கடற்கரைப் பக்கத்தில் ஏதோ ஒரு நாய் விசர் பிடித்து ஆட்டையும் மாட்டையும் கடித்து, ஒரு மீன்காரரையும் கடித்து, அந்த மனிதர் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு குனிந்தபடி திரிந்தார். கழுத்தில் பதிவுத் தகடு இல்லாமல் றோட்டில் நிற்கிற நாய்க்குக் கண்டவுடன் வெடி என்று பறையடித்துச் சொல்லியிருந்தார்கள். விசரிக்குத் தகடு இருந்தது. நீங்கள் நகரசபைக் கந்தோருக்குப் போய் எடுத்து வந்து கழுத்துப்பட்டியில் தொங்கவிட்டிருந்தீர்கள். குளிப்பாட்டும்போது மட்டும் பட்டியைக் கழற்றிக் கிணற்றுத் துலாவில் கொளுவுவீர்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் கொளுவியிருந்தது. நான் தண்ணீர் அள்ளி ஊற்ற, நீங்கள் மடியில் வைத்துக் காபோலிக் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். தாடியில் நுரை, காதில் நுரை, உங்கள் முகத்திலும் நுரை. எங்கிருந்தோ ஒரு கப்பல் ஊதியது. விசரி நெளிந்து உங்கள் கைக்குள்ளால் வழுகி, போகிற போக்கில் சவர்க்காரக் கட்டியையும் கவ்விக்கொண்டு, நான் திறந்து வைத்திருந்த படலையால் பறந்துவிட்டது.

நீங்கள் எழும்பி ஓடினீர்கள். கொண்டை அவிழ்ந்து, கையெல்லாம் நுரை வழிய, வெறுங்காலோடு.

"விசரி! ஐயோ, விசரி ஓடுறாள்! படலையளைப் பூட்டுங்கோ! பிடியுங்கோ!"

ஒழுங்கைத் தெருவில் சனம் என்ன கேட்டது? விசர், ஓடுது, படலையைப் பூட்டுங்கோ. படார் படார் என்று படலைகள் பூட்டிய சத்தம்! தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஓடி வருவது வாயில் நுரை தள்ளுகிற, கழுத்தில் தகடு இல்லாத ஒரு நாய். சனம் என்ன நினைக்கும்? "விசர்நாய்! விசர்நாய்!" என்று ஒழுங்கை முழுக்க ஒரே கூச்சல்.

நான் உங்களுக்குப் பின்னால் ஈரச் சேலை காலில் தடக்க ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன். "அது விசரில்லை, விசரி! விசர் இல்லை! விசரி!" யாருக்கு அந்த வித்தியாசம் விளங்கும்? வேலிக்கு மேலால் ஒரு மனுஷி எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டாள். பக்கத்து வேலியில் இருந்து பதில் வந்தது. "ரெலிபோன் அக்காவை விசர்நாய் கடிச்சிட்டுதாம். அங்கை பாரன், அவவுக்கும் நுரை தள்ளுது! தான் விசரி தான் விசரியெண்டு கத்திக்கொண்டு ஓடுறா!" உங்களை மறித்து உதவி செய்ய வந்த இரண்டு ஆண்பிள்ளைகள் அதைக் கேட்டதும் மதிலேறி நின்றார்கள். இப்போது சிரிக்கிறேன். அப்போது நான் அழுதுகொண்டுதான் ஓடினேன்.

இறங்குதுறைச் சந்தியில் துவக்கோடு, நாய் சுடுகிற வெடிக்காரர் நின்றார். விசரி அவரைக் கண்டதும் திரும்பி, திறந்திருந்த கடையொன்றுக்குள் பாய்ந்தது. குறிஞ்சாக்கேணிக் காக்காவின் கடை. பின்னால் சனம், சனத்துக்கு முன்னால் வெடிக்காரர். அவர் துவக்கை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்குப் போக, காக்கா இரண்டு கையையும் நிலையில் பிடித்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வெடி வைக்காதீங்க. இது அந்தப் புள்ளைட நாய்."

"விலகுங்கோ காக்கா. விசர் பிடிச்ச நாய். சனம் சொல்லுது."

"விசரி எண்டுறது அதுட பேரு தம்பி! அந்தப் புள்ள எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடும். என்னையும் விசர்க் காக்கா எண்டுதான் கூப்பிடுது. அதுக்காக எனக்கும் வெடி வைப்பீங்களா?"

சனத்தில் யாரோ சிரித்தார்கள். வெடிக்காரர் சிரிக்கவில்லை. "அப்ப வாயிலை நுரை?" என்று கேட்டார். காக்கா நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நுரையை அவரும் கண்டிருந்தார். என்றாலும் விலகவில்லை.

அப்போதுதான் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். சனம் உங்களுக்கு வழி விட்டது, மரியாதையில் இல்லை, கடித்துவிடுவீர்கள் என்ற பயத்தில். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. கடை வாசலில் முழங்காலில் இருந்து, மெல்லமாக, பிள்ளையை நித்திரையால் எழுப்புகிற குரலில், "விசரி" என்றீர்கள்.

அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு சரசரப்பு. பிறகு தாடி தெரிந்தது. அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து, சிவப்புச் சவர்க்காரக் கட்டியை உங்கள் முன்னால் வைத்துவிட்டு, அகழானுக்கு நிற்கிற மாதிரிச் சன்மானத்துக்கு நின்றது.

காக்கா உள்ளே போய் ஒரு தகரப்பேணியில் தண்ணீர் ஊற்றி, தள்ளி நின்று தடியால் அதற்கு முன்னால் நகர்த்தினார். விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் என்பது ஊருக்கே தெரியும். சவர்க்காரம் தின்ற எங்கள் விசரி தலையைப் பேணிக்குள் விட்டு, சளக் சளக்கென்று அடிவரை குடித்துவிட்டு, இன்னும் தா என்று காக்காவைப் பார்த்தது.

"தண்ணி குடிக்குது!" என்று சனம் கத்தியது. வெடிக்காரர் துவக்கைத் தாழ்த்தினார். நான் நடுத்தெருவில் ஈரச் சேலையோடு அப்படியே குந்திவிட்டேன்.

"அக்கா, உலகத்திலை நாய்க்கு வைக்க உங்களுக்கு வேறை பேரே கிடைக்கேல்லையோ?" என்று வெடிக்காரர் கேட்டார்.

நீங்கள் நாயை நெஞ்சோடு அணைத்தபடி நிமிர்ந்து பார்த்தீர்கள். கண்ணீரும் நுரையும் ஒன்றாக வடிந்தன. "போடா விசரா" என்றீர்கள். துவக்கு வைத்திருக்கிறவரைப் பார்த்து! பிறகு அந்த மனிதரே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவரும் எங்கள் படலையடியில் நின்று போகிற ஆட்களில் ஒருவரானார்.

காக்காவின் கடையை மறக்க முடியுமா? அவர்களுடைய முறையில் நனைந்த நாய் பட்ட இடத்தை மண்ணும் போட்டு ஏழு தரம் கழுவ வேண்டும். "காஞ்ச நாயெண்டா பறவாயில்ல மகள், இது தலைக்குக் குளிச்சிட்டில்லியா வந்திருக்கு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அது தெரிந்துதான் அவர் வாசலில் நின்றிருக்கிறார். நாயை ஒரு தடியால் வெளியே விரட்டியிருந்தால் அவருக்கு ஒரு வேலையும் மிச்சம் இல்லை. நாங்கள் இருவரும் வெட்கத்தோடு வாளியைத் தூக்கினோம். "நீங்க தண்ணி அள்ளித் தாங்க, ஊத்துறது நான்" என்றார். பொழுது சாய்கிறவரை அள்ளினோம். சாக்குகளை வெளியே இழுத்து வெயிலில் போட்டோம். நீங்கள் நெடுகிலும் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ காக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றபடி நின்றீர்கள். அவர் கடைசியில் வாளியை வைத்துவிட்டு, "என்ன புள்ள, மரியாதையாக் கதைக்கிறா? என்னில கோவமா?" என்று கேட்டார். அப்போதுதான் உங்களுக்குச் சிரிப்பு வந்தது.

அன்றிரவு உங்கள் தம்பி ஆடிய ஆட்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். கச்சேரியில் அவரிடம் அக்காவுக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்திருக்கிறார்கள். நாயின் பேரை மாற்றாவிட்டால் தான் சோறு தின்னமாட்டேன் என்றார். மாற்றிப் பார்த்தோமே! மணி என்றோம், திரும்பவில்லை. ராணி என்றோம், கொட்டாவி விட்டது. அவரே முற்றத்தில் நின்று, "லச்சுமி, லச்சுமி" என்று கைதட்டிக் கூப்பிட, முன்வீட்டு லட்சுமியக்கா படலைக்கு வந்து, "என்ன தம்பி?" என்று கேட்டா. மனுஷன் பேசாமல் உள்ளே வந்து சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு சாப்பிட இருந்துவிட்டார்.

விசரி எங்களோடு கிழவியாகும் வரை இருந்தாள். தாடி முழுக்க நரைத்தது. கண்ணில் பூ விழுந்தது. கப்பல் ஊதினால் கடைசிக் காலத்தில் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுப் படுத்துவிடுவாள். படலைக்குப் போவது என்றைக்கோ நின்றுவிட்டது. ஒரு காலையில் உங்கள் கட்டிலுக்குக் கீழே, உங்கள் செருப்பில் தலை வைத்தபடி போயிருந்தாள். வெடியில்லை, நோயில்லை, தன்பாட்டில். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் குழி வெட்டித் தாட்டோம். நீங்கள் அழுதீர்கள், ஆனால் கதிரைக்குப் போகவில்லை. மறுநாள் காலை கயிறு இல்லாத கையோடு இறங்குதுறைக்கு நடந்து போனீர்கள். நான் படலையில் நின்று நீங்கள் சந்தி திரும்புகிறவரை பார்த்தேன். அன்றைக்கு என் நெஞ்சில் இருந்து இறங்கிய பாரத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

சரி, இனி வழக்குக்கு வருகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் கரையத் தொடங்கியபோது முதலில் நான் சிரித்தேன். தேயிலைத்தூளை உப்புப் பேணிக்குள் போட்டீர்கள். பிறகு உங்கள் தம்பி இறந்ததை மறந்து, கச்சேரியால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டீர்கள். பிறகு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் நானும் உங்கள் ஞாபகத்தில் இருந்து போய்விட்டேன். "அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்? உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டீர்கள். தலையணையைச் சரிசெய்தால், "மெத்தப் பெரிய உபகாரம்" என்றீர்கள். மருந்து தருகிற பிள்ளைகள், "என்ன மரியாதையான மனுஷி!" என்று புகழ்ந்தார்கள். நான் வெளியே போய் நின்று அழுதேன். இந்த மனுஷி என்னோடு மரியாதையாகவே கதைத்துக்கொண்டு போய்விடப் போகிறாளே, ஒரேயொரு தரம், ஒரேயொரு தரம் விசரி என்று சொல்லாமல் போய்விடப் போகிறாளே என்று கோணேசர் சாமியை நான் எவ்வளவு மன்றாடியிருப்பேன் தெரியுமா?

உங்களைக் கழுவித் துடைக்கவென்று வீட்டில் இருந்து ஒரு துண்டுக் காபோலிக் கொண்டுபோனேன். அன்று பின்னேரம், வெயில் யன்னலால் உங்கள் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. நனைத்த துணியில் சவர்க்காரம் போட்டு உங்கள் கழுத்தைத் துடைத்தேன். மூக்கு விரிந்தது. கண்ணைத் திறக்காமல், கையை நீட்டித் துழாவினீர்கள். என் தலை தட்டுப்பட்டது. மயிரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"விசரி, ஓடாதை. இன்னும் நுரை போகேல்லை."

நாயைத்தான் கூப்பிட்டீர்களோ, என்னைத்தான் கூப்பிட்டீர்களோ, எனக்குத் தெரியாது மச்சாள். அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. யோசிக்க நான் நிற்கவில்லை. "ஓம் மச்சாள், ஓடேல்லை. இஞ்சைதான் நிக்கிறன்" என்றேன். உங்கள் விரல்கள் என் தலையைத் தேய்த்தன, காதுக்குப் பின்னால், பிடரியில், உண்ணி பார்க்கிற மாதிரி. நான் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி என்ன நினைத்தாளோ, நினைக்கட்டும். அப்படியே நித்திரையானீர்கள். அடுத்த நாள் விடியப் போய்விட்டீர்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு நீங்கள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உங்களுக்குத் தெரியாத கடைசித் துண்டு.

செத்தவீட்டில் என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சனம் கதைத்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லைதான். நெஞ்சு அவ்வளவு ஆறியிருந்தது.

போர்வை காய்கிறது. மிச்சச் சவர்க்காரத்தை உங்கள் கைப்பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டப்போகிறேன். மருமகள் இப்போதுதான் திரும்பி வந்து கிணற்றடியில் நின்று கேட்டாள்: "சொல்லுங்க மாமி, கடைசில யாரு அந்த விசரி?"

"நான்தான் பிள்ளை" என்றேன்.